பாதாள இருட்டில் படம் பிடித்தார்கள்!

கிணறு வெட்டுகிறார்கள்.

மேலே பத்துப் பேர் நிற்கிறார்கள். கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள். மேலே நிற்பவர்களின் முகம் தெரிகிறது. கீழே இருப்பவர்களின் முகம் தெரியவில்லை. கடப்பாறைச் சத்தம் மட்டும் கேட்கிறது.

விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டை-திருச்சுழி வட்டாரத்தில் இருக்கிறது எம்.ரெட்டியபட்டி. சுற்றிலும் வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கண்மாய் நிறையும். பெய்யாவிட்டால் கிணறுதான் கதி. கிணற்றில் தண்ணீர் வற்றினால், மேலும் ஆழமாக வெட்ட வேண்டும்.

மேல்மண்ணைத் தாண்டினால் பாறை. அதில் குழி போட்டு வேட்டு வைப்பார்கள். உடைந்த கல்லைக் கூடையில் அள்ளிப் போடுவார்கள். வடம் அதை மேலே இழுக்கும். ஆழம் கூடக் கூட, வெளிச்சம் குறையும்.

இந்தப் பகுதியில் உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல் விழுவது ஆண்டில் இரண்டே தடவைதான். சித்திரை பிறக்கும் சமயத்தில் ஒரு தடவை. ஆவணியில் ஒரு தடவை. அந்த நாட்களில்தான் ஆழக் கிணற்றின் அடிவரைக்கும் சூரியன் எட்டிப் பார்க்கும். மற்ற நாட்களில் கீழே நிழல்தான், இருட்டுதான்.

இந்த ஊர்ப் பக்கத்தில் ஒரு வீட்டுச் சுவரைப் பாருங்கள். கலியாணப் படம் இருக்கும். காதுகுத்துப் படம் இருக்கும். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படமும் இருக்கும்.

ஆனால் அந்தத் தாத்தா கிணற்றுக்குள் நின்று பாறையை உடைத்த படம்?

அது மட்டும் இருக்காது!

ஏன் இல்லை? இருட்டில் படம் பிடிக்க முடியாது என்பதாலா? முடியும். 160 ஆண்டுகளுக்கு முன்பே பிடித்திருக்கிறார்கள். அது ஒரு சுவையான கதை.

பொம்மைத் தொழிலாளி

பிரான்சு நாட்டின் தலைநகர் பாரிஸ். அங்கே நதார் என்று ஒரு படக்காரர் இருந்தார். துணிச்சல்காரர். 1858-ஆம் ஆண்டில் பலூனில் ஏறி, வானத்திலிருந்து படம் பிடித்தவர்.

வானத்தில் ஏறியவருக்குப் பூமிக்குள் இறங்கவும் ஆசை வந்தது.

பாரிஸ் நகரத்தின் அடியில் பழைய கல் சுரங்கங்கள் இருக்கின்றன. இடுகாடுகளிலிருந்து எடுத்த லட்சக்கணக்கான மனிதர்களின் எலும்புகளை அங்கே அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1861-ஆம் ஆண்டில் நதார் அதற்குள் இறங்கினார். வெளிச்சத்துக்கு மின்சார விளக்கு கொண்டு போனார். அதற்கு வேண்டிய மின்கலங்களைத் தெருவிலேயே வைத்துவிட்டு, நீண்ட கம்பியைக் கீழே இறக்கினார்.

அப்படியும் வெளிச்சம் போதவில்லை. ஒரு படம் விழுவதற்கு 18 நிமிடங்கள் வரை கேமிராவைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது.

எலும்பும் கல்லும் 18 நிமிடம் அசையாமல் இருக்கும். மனிதன் இருப்பானா? அதிலும், வேலை செய்கிற மனிதன்?

அசைந்தால் படம் கலைந்துவிடும்.

நதார் ஒரு யோசனை செய்தார். ஆள் உயரப் பொம்மை ஒன்றைக் கொண்டு வந்தார். அதற்குத் தொழிலாளியின் உடையை மாட்டினார். எலும்பு வண்டியை இழுப்பது போல நிறுத்தினார். படம் பிடித்தார்!

அந்தப் படம் இன்றும் இருக்கிறது. பார்ப்பவர்களுக்குத் தொழிலாளியாகவே தெரியும். ஆனால் அது பொம்மை.

பாதாளத்தில் உழைத்தவர்களைக் காட்டப் பிடித்த படத்தில், அவர்களுடைய இடத்தில் ஒரு பொம்மை நின்றது!

உயிருள்ள மனிதர் வந்தார்

பொம்மை போய் மனிதன் வர வேண்டுமானால், ஒரு நொடியில் பெரிய வெளிச்சம் வேண்டும்.

அதைக் கொடுத்தது மாக்னீசியம் என்ற உலோகம். இது எரியும்போது கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை ஒளி வரும். வெள்ளை மத்தாப்பைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அமெரிக்காவில் நெவாடா மாகாணத்தில் புகழ் பெற்ற வெள்ளிச் சுரங்கங்கள் இருந்தன. 1867-68 குளிர்காலத்தில் டிமோத்தி ஓசலிவன் என்ற படக்காரர், பல நூறு அடி ஆழத்தில் இறங்கினார். மாக்னீசியத்தைக் கொளுத்தினார். சுரங்கத் தொழிலாளர்களைப் படம் பிடித்தார். உண்மையான மனிதர்கள்!

1887-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் இன்னொரு முன்னேற்றம் ஏற்பட்டது. மாக்னீசியத் தூளுடன் வேறு மருந்துகளைக் கலந்து, 'மின்னல் பொடி' ஒன்றைத் தயாரித்தார்கள். கொளுத்தியதும் பளீர் என்று ஒரு மின்னல். அதற்குள் படம் விழுந்துவிடும். கூடவே புகையும் வரும். சமயத்தில் படக்காரரின் கையையும் சுட்டுவிடும்.

கதவருகே ஒரு சிறுவன்

இந்த மின்னல் பொடியை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர் லூயிஸ் ஹைன். இவர் பள்ளிக்கூட ஆசிரியர். அமெரிக்காவில் குழந்தைகள் வேலை செய்யும் இடங்களை எல்லாம் படம் பிடித்தார். முதலாளிகள் உள்ளே விடமாட்டார்கள். அதனால் வெவ்வேறு வியாபாரிகளைப் போலவும் அதிகாரியைப் போலவும் நடித்து உள்ளே நுழைவார்.

1908-ஆம் ஆண்டு செப்டம்பரில், மேற்கு வர்ஜீனியா மாகாணத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் போனார். அங்கே ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பெயர் வான்ஸ். வயது 15.

அவனுக்கு என்ன வேலை?

சுரங்கத்தில் ஒரு மரக் கதவு. கரி வண்டி வரும்போது திறக்க வேண்டும். போனதும் மூட வேண்டும். உள்ளே காற்று ஒழுங்காக ஓடுவதற்காக அந்தக் கதவு. நாள் ஒன்றுக்கு 10 மணி நேரம். கூலி முக்கால் டாலர். மற்ற நேரமெல்லாம் இருட்டில் தனியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஹைன் மின்னல் பொடியைக் கொளுத்தினார். படம் பிடித்தார்.

பிறகு கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்தபோது ஆச்சரியம் காத்திருந்தது. அந்தக் கதவு முழுவதும் படங்கள்! சுண்ணக்கட்டியால் பறவைகள் வரையப்பட்டிருந்தன. பறவைகளை வெருட்டாதே என்ற எழுத்தும் இருந்தது.

கும்மிருட்டில் ஹைனுடைய கண்ணுக்கு அவை தெரியவே இல்லை. கேமிராவின் கண்ணுக்குத்தான் தெரிந்தன. ஹைனே இதை எழுதி வைத்திருக்கிறார்.

வெயிலும் வானமும் இல்லாத இடத்தில், கதவு முழுவதும் பறவைகள்!

இத்தகைய படங்களை நாடு பார்த்தது. பல பேர் குரல் கொடுத்தார்கள். பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. 1938-ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதற்கும் குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் சட்டம் நிலைத்தது. இன்று இந்தியாவிலும் 18 வயது நிரம்பாதவர்களைச் சுரங்க வேலைக்கு வைக்கச் சட்டம் இடம் தருவதில்லை.

படம் மட்டுமே சட்டத்தைக் கொண்டு வந்துவிடவில்லை. ஆனால், 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாமல் செய்தது படம்தான்.

பெயர் இல்லை, எண் உண்டு

காந்தியடிகள் ராட்டையின் அருகே அமர்ந்து படிக்கும் படத்தை அநேகமாக எல்லோரும் பார்த்திருப்பார்கள். 1946-ஆம் ஆண்டில் அதைப் பிடித்தவர் மார்கரெட் பர்க்-வைட் என்ற அமெரிக்கப் பெண்மணி.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1950-ல், அவர் தென்னாப்பிரிக்காவுக்குப் போனார். ஜோகன்னஸ்பர்க் நகரத்தின் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் விடுமுறை நாளில் ஆடும் நடனத்தைப் பார்த்தார். ஆடியவர்களில் இரண்டு பேரைக் குறித்துக்கொண்டார். 'இவர்கள் வேலை செய்யும் இடத்தில் இவர்களைப் படம் பிடிக்க வேண்டும்' என்றார்.

அது மிகவும் ஆழமான இடம். வெப்பம் அதிகம். அம்மையார் விடவில்லை. இறங்கினார். கொஞ்ச நேரத்தில் வெப்பம் தாங்காமல் சோர்ந்து போனார். தாம் சில நிமிடம் தாங்க முடியாத இடத்தில், அந்த இருவரும் நாள் முழுவதும் உழைப்பதை அங்கேதான் உணர்ந்தார்.

படம் விழுந்தது. கறுத்த முகங்களில் வியர்வை முத்து முத்தாக மின்னியது.

அந்த இருவருக்கும் சுரங்கத்தில் பெயர் கிடையாது, எண்தான் உண்டு. 1139, 5122. அவர்கள் பெயர் இன்றும் உலகுக்குத் தெரியாது. முகம் தெரியும்!

தமிழர்களின் தங்கச் சுரங்கம்

இதைப் படிக்கும்போது தமிழர்களுக்கு ஓர் இடம் நினைவுக்கு வரும். கோலார் தங்கவயல்.

1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி அங்கே பெரிய அளவில் சுரங்க வேலையைத் தொடங்கியது. வடாற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஏழைத் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் அங்கே போயின. மைசூர் சமஸ்தானத்துக்குள்ளே ஒரு தமிழ் ஊர் உருவானது.

1902-ஆம் ஆண்டில் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. இந்தியாவின் பெரிய நகரங்கள் பலவற்றில் மின்விளக்கு எரியாத காலம் அது!

அங்குள்ள சாம்பியன் ரீப் சுரங்கம் 10 ஆயிரம் அடிக்கு மேல் ஆழமானது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகம். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும். அப்படியும் சில சமயம் மேலிருக்கும் பாரம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். அந்த அதிர்ச்சி மேலே வீடுகள்வரை தெரியும். வீட்டிலிருக்கும் பெண்கள் பதறிப் போவார்கள்.

கணவன் எங்கே வேலை செய்கிறான்? அந்த இடம் எப்படி இருக்கும்? மனைவி மக்கள் இறங்கிப் பார்க்க முடியாத இடம் அது.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பிறகு ஆழத்துச் சுரங்க வழிகளில் நீர் நிறைந்துவிட்டது. பாட்டனும் முப்பாட்டனும் உழைத்த இடத்தைப் பேரன் இனிப் போய்ப் பார்க்க முடியாது. பிடித்து வைத்த படம் ஏதும் இருந்தால், அதில்தான் பார்க்கலாம்.

ஒளியும் எமன் ஆகும்

'விளக்கைப் போட்டால் போகிறது, இதில் என்ன கஷ்டம்?' என்று கேட்கலாம்.

நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு வாயு கசியும். காற்றோடு அது கலந்திருக்கும்போது ஒரு சிறு பொறி போதும், சுரங்கமே வெடிக்கும். அதற்காகத்தான் 1815-ஆம் ஆண்டில் ஹம்பிரி டேவி என்ற விஞ்ஞானி, கம்பி வலை சுற்றிய பாதுகாப்பு விளக்கைக் கண்டுபிடித்தார். அப்படிப்பட்ட இடத்தில் மின்னல் பொடியைக் கொளுத்தினால் என்ன ஆகும்? இன்றும் அத்தகைய சுரங்கங்களுக்குள் சாதாரணச் செல்போனைக்கூடக் கொண்டுபோகக் கூடாது. பொறி பறக்காதபடி செய்த தனிக் கருவிகள்தான் போகலாம்.

நெய்வேலியில் இந்தக் கஷ்டம் இல்லை. அது திறந்தவெளிச் சுரங்கம். வானத்தின் கீழேயே கரி வெட்டுகிறார்கள்.

இன்னும் ஒரு விஷயம். இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். அப்படிப் பழகிய கண்ணில் திடீரென்று மின்னல் அடித்தால், சிறிது நேரம் ஒன்றுமே தெரியாது. கையில் சம்மட்டி வைத்திருப்பவனுக்கு அது பெரிய ஆபத்து.

அதனால் அனுபவமுள்ள படக்காரர்கள் பெரும்பாலும் மின்னல் அடிப்பதில்லை. தொழிலாளியின் தலையில் இருக்கிறதே விளக்கு, அந்த ஒளியே போதும் என்பார்கள். ஒருவர் தலைவிளக்கின் ஒளி இன்னொருவர் முகத்தில் விழும். அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கையைப் பாறையில் ஊன்றிக்கொண்டு, படம் பிடிப்பார்கள். கேமிராவின் விளக்கை எரியவிட்டால் தூசி எல்லாம் வெள்ளைப் புள்ளியாக விழுந்து படத்தைக் கெடுத்துவிடும்.

தெருவுக்கு அடியில்

தங்கவயலுக்குப் போகாமலே பாதாளத்தைப் பார்க்கலாம். ஒவ்வொரு நகரத்திலும் தெருவுக்கு அடியில் ஒரு பாதாளம் இருக்கிறது. பாதாளச் சாக்கடை!

அதற்குள் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி மாண்டார்கள் என்ற செய்தி அடிக்கடி பத்திரிகையில் வருகிறது. நான்கு வரிச் செய்தி. படித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

மறக்கவிடக் கூடாது என்று புறப்பட்டவர்களில் ஒருவர், மதுரையைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் எம்.பழனிக்குமார். மீன் விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றிய தாயின் மகன். 2017-ல் திவ்யபாரதி இயக்கி வெளிவந்த 'கக்கூஸ்' என்ற ஆவணப்படத்தின் ஒளிப்பதிவில் பணியாற்றியவர். சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் வேலை செய்பவர்களைப் படம் பிடித்தார். அதோடு நிற்கவில்லை. குழிக்குள் இறந்தவர்களின் வீடுகளுக்கும் போனார். அழுகிற மனைவியையும், ஒன்றும் புரியாமல் நிற்கிற குழந்தையையும் படத்தில் காட்டினார்.

நான்கு வரிச் செய்திக்கு முகம் வந்தது!

பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இருக்கிறது. சாவும் நிற்கவில்லை. ஆகவே கேமிராவுக்கும் வேலை இருக்கிறது.

பத்தாம் நாள் தெரிந்த முகம்

பாதாளத்து இருட்டில் பிடித்த ஒரு படத்துக்காக நாடே காத்திருந்த நாளும் உண்டு.

2023-ஆம் ஆண்டு நவம்பர் 12. தீபாவளி நாள். உத்தரகாண்ட் மாநிலத்தில், சில்க்யாரா என்ற இடத்தில் மலையைக் குடைந்து சாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாலையில் மண் சரிந்தது. 41 தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள்.

குழாய் வழியாகக் காற்றும் உணவும் போயின. குரல் கேட்டது. ஆனால் முகம் தெரியவில்லை. வெளியே குடும்பத்தார் தவித்துக் கிடந்தார்கள்.

நவம்பர் 21. பத்தாம் நாள். ஆறு அங்குலக் குழாய் வழியாகச் சிறிய கேமிரா ஒன்றை உள்ளே செலுத்தினார்கள். மங்கலாக ஒரு படம் தெரிந்தது. தலையில் கவசத் தொப்பி. முகத்தில் தாடி. ஆம், உயிரோடு இருக்கிறார்கள்!

எந்த ஸ்டூடியோவில் எடுத்த அழகான படமும் அந்த மங்கல் படத்துக்கு ஈடாகுமா?

நவம்பர் 28-ந் தேதி 41 பேரும் மீட்கப்பட்டார்கள். பெரிய இயந்திரம் பழுதாகி நின்ற பிறகு, கடைசிச் சில மீட்டர் தூரத்தைக் கையால் தோண்டி வழி செய்தவர்களும் ஏழைத் தொழிலாளர்களே.

கிணற்றுக்குத் திரும்புவோம்

இன்று எம்.ரெட்டியபட்டியிலும் வீட்டுக்கு வீடு செல்போன் இருக்கிறது. அதில் கேமிரா இருக்கிறது. நதாருக்கு 18 நிமிடம் ஆன வேலையை அது சில நொடிகளில் முடித்துவிடும்.

ஆனாலும் கிணற்றுக்குள் வேலை செய்பவரைப் பிடித்தால் படம் கறுப்பாக விழுகிறது. காரணம் எளிது. படத்துக்குள் கொஞ்சம் வானமும் வந்துவிடுகிறது. கேமிரா அந்த வெளிச்சத்துக்குத் தக்கபடி தன்னைச் சரி செய்துகொள்கிறது. கீழே இருப்பவர் இருட்டில் போய்விடுகிறார்.

வானமும் வெயில் விழும் சுவரும் படத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செல்போனின் திரையில், ஆள் இருக்கும் இருட்டான இடத்தை விரலால் தொட வேண்டும். படம் வெளுக்கும், முகம் தெரியும். உச்சி வேளை நல்ல நேரம். போனின் விளக்கை எரிப்பதில் பயன் இல்லை. அதன் ஒளி சில அடி தூரம்தான் போகும்.

எச்சரிக்கை: கிணற்று விளிம்பில் குனியக் கூடாது. போனைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். 60 அடி உயரத்திலிருந்து தவறி விழும் பொருள், அடியைத் தொடும்போது மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் இருக்கும். கீழே ஓர் உயிர் இருக்கிறது!

எல்லாவற்றுக்கும் முன்னால், மேலேயிருந்து ஒரு குரல் கொடுக்க வேண்டும். 'அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கிறட்டுமா?'

அவர் கடப்பாறையைச் சாய்த்து வைப்பார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைப்பார். வெளிச்சம் வரும் பக்கம் நிமிர்ந்து பார்ப்பார்.

அப்போது பிடியுங்கள்.

அந்தக் கிணற்றுத் தண்ணீரில் நாளைக்குப் பருத்தியும் கம்பும் மிளகாயும் விளையும். பிள்ளைகள் சாப்பிடுவார்கள், படிப்பார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில், கலியாணப் படத்துக்குப் பக்கத்தில், இந்தப் படமும் தொங்கட்டும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பேரன் கேட்டால், கை நீட்டிக் காட்ட ஒரு முகம் இருக்கும்.